நான்காம் எண் ஹைட்சுங்

வூப்பர்டாலில்
முன்பு பித்தான் செய்த ஆலையில்
சனிக்கிழமைகளில் இப்போது இசை செய்கிறார்கள்.
கதிரை அடுக்குவதும்
வைன் கிளாஸ் கழுவுவதும்
எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவதும் என் வேலை.

பியானோ நரம்புகளுக்குள்
திருகாணியும் அழிறப்பரும் செருகியவரைப் பார்த்திருக்கிறேன்.
வயலினை மரத்தூளாகும்வரை அராவியவரையும்.
ஒருவர் மேடையேறி
நாற்பது நிமிடம் வாசிக்காமலே இருந்தார்.
பின்வரிசைக் கிழவர்
"இதை எழுபதிலேயே கேட்டாயிற்று" என்று
கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கும் பழகிவிட்டது.
கீறல் வரும், பிறகு மௌனம்,
மௌனம் முடிந்தால் கட்டாயம் ஒரு தட்டு.
தனியாவர்த்தனத்துக்கு எழுந்துபோகிறவர்கள் மாதிரி
எந்த இடத்தில் கழிவறைக்குப் போய்வரலாம் என்று
எனக்கு அத்துப்படி.

நோட்டீசில் எப்போதும் ஒரு சொல்: அவாங்கார்ட்.
மகள் போனில் தேடிச் சொன்னாள்,
படைக்கு முன்னால் போகிற படையாம்.
முன்னால் போனவர்களை எனக்குத் தெரியும்.
மண்ணுக்குள் என்ன புதைத்திருக்கிறது என்று
காலால் பார்த்தவர்கள்.
அவர்களில் எவரும்
இடைவேளையில் வைன் குடித்ததில்லை.

சரி, அது வேறு கதை.

பெப்ரவரி, மைனஸ் ஒன்பது.
ஃப்ராவ்கே டெர்ஹார்ஸ்ட் ஏழு வருடமாய் எழுதியதை
பதினொரு பேர் வாசித்தார்கள்.
சனம் நடுங்கியதால்
பின்சுவர் ஓரத்து நான்காம் எண் ஹைட்சுங்கைத் திறந்துவிட்டேன்.
குழாயில் காற்று இருந்திருக்கிறது.

அவர்களுடைய மௌனம் வந்த இடத்தில்
அது பேசியது.
டக்.
பிறகு தண்ணீர் கிடைக்காத மோட்டார்போல
அடிவயிற்றிலிருந்து ஒரு இழுப்பு,
ஏறி, பாதியில் தயங்கி,
எந்தச் சுருதியிலும் இறங்காமல்.

பேஸ் கிளாரினெட் ஹென்னிங்
பக்கத்தைத் திருப்பவில்லை.
வாய்க்குள் வைத்த கருவியை ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.
பிறகு ஏதோ செய்தான்.
பதில் என்று சொல்ல முடியாது.
இருட்டில் சுவிட்சைத் தேடும் கை மாதிரி ஒன்று.
மற்றவர்கள் வில்லைத் தாழ்த்தினார்கள்.
ஃப்ராவ்கேயின் கை அவள் வாயில் இருந்தது.

வால்வை மூட ஓடியவன் நான்.
பிடித்த விரல் சுட்டது.
திருகவில்லை.
அடுத்து என்ன வரும் என்று அந்த நாலு நிமிடம்
மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது,
எழுதியவளுக்குத் தெரியாது,
ஹைட்சுங்குக்கும் தெரியாது.
கழிவறை ஞாபகமே எனக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை
நான்காம் எண்ணுக்கு மூன்று மைக் கட்டினார்கள்.
தாளில் அதற்கென்று ஒரு வரி,
'மெதுவாக, உள்ளிருந்து' என்று குறிப்பு.
அவள் தலையசைத்தால் நான் திருக வேண்டும்.
முப்பது யூரோ அதிகம், நோட்டீசில் என் பெயர்,
பரஞ்சோதியை இரண்டாய் உடைத்து.

தலையசைத்தாள். திருகினேன்.
டக். இழுப்பு. ஏற்றம்.
எள்ளளவும் பிசகாமல் வந்தது.
சனம் கண்ணை மூடித் தலையாட்டியது.
பத்திரிகையில் 'துணிச்சல்' என்று எழுதினார்கள்.
நானோ திருகிய கையோடு
கழிவறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு
கைதட்டலுக்குத் திரும்பிவந்தேன்.

திங்கட்கிழமை டெக்னீஷியன் வந்து
குழாய்க் காற்றையெல்லாம் வெளியேற்றினார்.
இப்போது அது வெறுமனே சுடுகிறது.

நேற்று எல்லோரும் போன பிறகு
ஹென்னிங் மட்டும் மேடை விளிம்பில்.
ஊதுகிறான், நிறுத்துகிறான்,
எச்சிலை உதறுகிறான், வேறெங்கோ தொடங்குகிறான்.
நன்றாக இல்லை.
நன்றாக இல்லை என்று சொல்லவும்
என்னிடம் அதற்கான அளவு இல்லை.

ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்து
கடைசிச் சுவிட்சில் நின்றேன்.
வெளியே ஆற்றுக்கு மேலே
தொங்கு ரயில், அன்றைய கடைசி,
என்னை விட்டுவிட்டுப் போனது.

அடுக்கிய கதிரைகளில் ஒன்றை
சத்தமில்லாமல் உருவினேன்.